ஏரி மீனும் ஏரிக் கரையும்

ஏரி பயிருக்கு நீர் தருவதோடு நில்லாமல், மீனும் விளைவிக்கும். மழை நிச்சயமற்ற தர்மபுரி ஜில்லாவில் இவ்விரண்டு பயன்களையும் சேர்த்து யோசிப்பது சங்க அங்கத்தினர்களுக்கு அவசியமாகும்.

மத்திய காலத்து இங்கிலாந்தில் பிரபுக்களும் மடங்களும் தத்தம் பண்ணைகளில் மீன் குளங்களை வெட்டி வைத்தனர். மீன் வளரப் பெரிய குளமும், பிடித்த மீனைச் சமையலுக்கு வேண்டும்வரை உயிருடன் வைக்கச் சிறு குளமும் தனித்தனியே இருந்தன. மாமிசம் விலக்கிய விரத நாட்களில் அம்மீன் பிரபுவின் பந்திக்கே சென்றது. அனுமதியின்றிப் பிடித்த குடியானவன் தண்டிக்கப்பட்டான்.

தமிழ்நாட்டு வழக்கம் வேறு. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. குடவோலையால் தேர்ந்த அறுவர் 360 நாட்கள் அப்பணியைச் செய்தனர். ஏரி மீன் குத்தகைக்குக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று பெயர். அவ்வருமானத்தை ஏரியின் தூர் எடுக்கவும் கரையைப் பலப்படுத்தவும் ஒதுக்கிய ஊர்கள் உண்டு.

இதன் காரணம் எளிது. ஒவ்வொரு மழையும் வண்டலைக் கொணர்கிறது. வண்டல் படிந்தால் ஏரியின் கொள்ளளவு குறைகிறது. நீர் முன்னதாகவே வற்றுகிறது. பயிரும் மீனும் ஒருங்கே கெடுகின்றன. மீன் பணத்தால் தூர் எடுத்தால் இரண்டும் பிழைக்கும்.

இவ்விரண்டு பயன்களுக்குமிடையே பிணக்கும் எழக்கூடும். மீனை எளிதில் பிடிப்பதற்காகக் குத்தகைதாரர் மதகைத் திறந்துவிட்டால், ஆயக்கட்டுதாரரின் பயிர் கருகும். ஆதலால், பாசன நீரை வடிக்கலாகாதென்றும், மதகின் சாவி குத்தகைதாரரிடம் இராதென்றும் உடன்படிக்கையிலேயே எழுதிக்கொள்வது உத்தமம்.

மீன் குஞ்சுக்காக ஆற்றையே நம்பியிருந்த நிலை இன்றில்லை. 1957-ல் ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரி சுரப்பியின் சாறு செலுத்திக் கெண்டை இன மீன்களை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடுவதால், மூன்றும் ஒரே ஏரியில் போட்டியின்றி வளரும். விரால் உள்ள ஏரியில் சிறு குஞ்சுகள் அதற்கு இரையாகிவிடும். சற்றே வளர்ந்த குஞ்சுகளை விடுவதே நலம்.

மீன் பணம் முழுவதையும் பங்கிட்டுக்கொள்வது அந்த ஆண்டுக்கு இனிக்கும். ஆனால் ஏரி தூர்ந்த பின்னர் பங்கிடுவதற்கு நீரும் இராது, மீனும் இராது.