உள்ளங்கையில் அடங்கிய கருவி

கிராஞ்சி என்றதும் சிங்கப்பூரர் பலருக்கு நீர்த்தேக்கமும் பண்ணைகளும் போர் நினைவிடமும் நினைவுக்கு வரும். அதே வட்டாரத்தில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளும் உள்ளன. தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஊழியர்கள் அங்கே ஒரே அறையில் பலராகத் தங்கி, விடியலில் லாரி ஏறிக் கட்டுமானத் தளங்களுக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் செல்கிறார்கள். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் கொவிட்-19 கிருமி இத்தகைய விடுதிகளில் வேகமாகப் பரவியது. தொற்று கண்ட ஒருவர் கடந்த இரண்டு வாரங்களில் யார் யார் அருகில் இருந்தார்? உணவு வரிசையில் முன்னால் நின்றவர் யார்? லாரியில் பக்கத்தில் அமர்ந்தவர் யார்? இக்கேள்விகளுக்கு மனித நினைவு மட்டும் விடை தர இயலாது.

விடுதிகளில் மட்டுமன்றி, நாடு முழுவதும் இதே சிக்கல் எழுந்தது. அதற்குத் தீர்வாகச் சிங்கப்பூரில் ஒரு சிறு மின்னணுக் கருவி உருவாக்கப்பட்டது. அது உருவான கதை, ஒரு தேவைக்கென்றே தனியாக ஒரு கருவியை வடிவமைப்பது எப்படி என்பதை நமக்குக் கற்றுத் தருகிறது.

கருவிக்குள் ஒளிந்திருக்கும் கணினி

கணினி என்றால் திரையும் விசைப்பலகையும் இருக்க வேண்டும் என்பதில்லை. சலவை இயந்திரம், மின்தூக்கி, பேருந்தில் பயண அட்டையைத் தொடும் கருவி ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கணினி இருக்கிறது. அதில் இயங்கும் நிரலை உட்பொதி மென்பொருள் என்பர். மேசைக் கணினி நூறு வேலைகளைச் செய்யும். உட்பொதி மென்பொருளோ ஒரு வேலையை மட்டும் செய்யும். ஆனால் அதை ஓயாமல், தவறாமல் செய்ய வேண்டும்.

சாலைச் சந்திப்பில் உள்ள ‘கிரீன் மேன் பிளஸ்’ வசதியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். மூத்தோர் ஒருவர் தம் சலுகை அட்டையை அங்குள்ள கருவியின்மீது வைக்கிறார். கருவி அட்டையைப் படிக்கிறது. அது சலுகைக்கு உரியதா என்று பார்க்கிறது. உரியது என்றால், பாதசாரிகளுக்கான பச்சை விளக்கு சாலையின் அகலத்துக்கு ஏற்ப 3 முதல் 13 வினாடிகள் வரை கூடுதலாக எரிகிறது. உள்ளீடு, முடிவெடுத்தல், வெளியீடு ஆகிய இம்மூன்றும்தான் மனிதரோடு ஊடாடும் எல்லாக் கருவிகளுக்கும் அடிப்படை. அந்தச் சில வினாடிகள் ஊன்றுகோலுடன் நடக்கும் ஒருவருக்கு எவ்வளவு முக்கியமானவை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செயலி போதவில்லை

2020 மார்ச் 20ஆம் நாள், அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பும் சுகாதார அமைச்சும் ‘டிரேஸ்டுகெதர்’ என்னும் செயலியை வெளியிட்டன. இரு திறன்பேசிகள் அருகருகே வரும்போது, அவை புளூடூத் அலைகளின் மூலம் ஒன்றன் அடையாள எண்ணை மற்றொன்று பதிந்துகொள்ளும். யாருக்கேனும் தொற்று உறுதியானால், அவருடைய பதிவுகளைக் கொண்டு அவருக்கு அருகில் இருந்தவர்களைக் கண்டறியலாம்.

எண்ணம் நல்லது. எனினும் இரண்டு தடைகள் குறுக்கிட்டன. முதலாவது, ஐபோனில் செயலி திரையில் திறந்திருக்காவிட்டால் புளூடூத் சரிவர இயங்கவில்லை. மின்னாற்றலைச் சேமிப்பதற்காக ஆப்பிள் நிறுவனம் வைத்திருந்த கட்டுப்பாடு அது. இரண்டாவது தடை இன்னும் பெரியது. திறன்பேசி வைத்திராதவர்கள் என்ன செய்வார்கள்? கிருமியால் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய முதியவர்களில் பலர் திறன்பேசி பயன்படுத்துவதில்லை. யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவர்களே விடுபட்டுப் போனார்கள்.

ஆகவே, திறன்பேசியையே சார்ந்திராத தனிக் கருவி ஒன்றை உருவாக்க முடிவு செய்யப்பட்டது. அறிவார்ந்த தேசத் திட்டத்துக்குப் பொறுப்பு வகித்த அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் 2020 ஜூன் மாதம் இதனை அறிவித்தார். அம்மாத இறுதியிலேயே முதல் 10,000 கருவிகள் மூத்தோருக்கு வழங்கப்பட்டன. செப்டம்பர் முதல் சமூக மன்றங்களில் அனைவருக்கும் விநியோகம் தொடங்கியது.

கருவியின் உடல்

இக்கருவி உள்ளங்கையில் அடங்கும். சாவிக்கொத்தில் கோக்கலாம், கழுத்திலும் மாட்டிக்கொள்ளலாம். பொத்தான் இல்லை, திரை இல்லை. அழுத்தவோ மின்னேற்றவோ தேவையில்லை. கையில் வைத்திருந்தால் போதும். ‘தாத்தாவும் பாட்டியும் யாருடைய உதவியும் இல்லாமல் பயன்படுத்த வேண்டும்’ என்பது நோக்கமானால், எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விட்டுவிடுவது என்பதே வடிவமைப்பாளரின் முதல் கேள்வியாகிறது.

உள்ளே ஒரு சிறிய மின்சுற்றுப் பலகை இருக்கிறது. அதில் நிரலை இயக்கும் சில்லு, புளூடூத் வானொலிப் பகுதி, அலைவாங்கி, கடிகாரம், நாணயம் போன்ற மின்கலம், ஒரு விளக்கு ஆகியவை உள்ளன. நிமிடத்துக்கு ஒருமுறை பச்சை விளக்கு மின்னினால் கருவி நலமாக இருக்கிறது என்று பொருள். சிவப்பு விளக்கு மின்னினால் கருவியை மாற்ற வேண்டும். இதுவே அக்கருவி மனிதரோடு பேசும் மொழி. தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என எம்மொழி பேசுபவருக்கும் அது புரியும்.

கருவியின் உயிர்

மின்கலம் பல மாதங்கள் உழைக்க வேண்டும். இங்குதான் உட்பொதி மென்பொருளின் திறமை வெளிப்படுகிறது. 1,000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு நாணய மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கருவியின் வானொலி இடைவிடாமல் 10 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை இழுத்தால், அந்த மின்கலம் 100 மணி நேரத்தில், அதாவது நான்கே நாள்களில் தீர்ந்துவிடும். அதே கருவி சராசரியாக 0.2 மில்லிஆம்பியர் மட்டும் இழுத்தால், 5,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ ஏழு மாதங்கள் தாங்கும்.

இந்த ஐம்பது மடங்கு வேறுபாட்டை எப்படி அடைவது? கருவியைத் தூங்க வைப்பதே வழி. நிரல் பெரும்பாலான நேரம் சில்லை உறக்கத்தில் வைத்திருக்கும். குறித்த இடைவெளியில் எழுப்பும். எழுந்த சில்லு தன் அடையாள எண்ணை ஒலிபரப்பும். அருகில் வேறு கருவிகளின் அலை கேட்கிறதா என்று கவனிக்கும். கேட்டதைக் குறித்துக்கொண்டு மீண்டும் உறங்கிவிடும். அடிக்கடி எழுந்தால் மின்கலம் விரைவில் தீரும். அரிதாக எழுந்தால், அருகில் வந்து சென்றவர்களைத் தவறவிடும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் கண்டறிவதே பொறியாளரின் வேலை.

உறங்கும் கருவியை உரிய நேரத்தில் எழுப்புவது யார்? பெரும்பாலான மின்னணுக் கடிகாரங்களில் குவார்ட்ஸ் படிகம் ஒன்று வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் கிடைக்கும் எண் இது. அதனால் மின்சுற்று இவ்வதிர்வுகளைத் திரும்பத் திரும்பப் பாதியாக்கி எளிதில் ஒரு வினாடியைப் பெறுகிறது. மிகக் குறைந்த மின்னாற்றலில் இது நடந்துவிடுகிறது.

தூரத்தை அளப்பதும் எளிதன்று. அலை வலுவாக வந்தால் கருவி அருகில் இருக்கிறது என்றும், மெலிவாக வந்தால் தொலைவில் இருக்கிறது என்றும் கணிக்கலாம். ஆனால், மனித உடலில் உள்ள நீர் புளூடூத் அலைகளை உறிஞ்சுகிறது. இருவரின் பின்பைகளில் இருக்கும் கருவிகள், அவர்கள் நேருக்கு நேர் நின்று பேசினாலும் தொலைவில் இருப்பதாகக் காட்டக்கூடும். ஆகவே, ஒரே ஓர் அளவீட்டை நம்பாமல், எவ்வளவு நேரம் அலை கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இறுதி முடிவைத் தடமறியும் அதிகாரிகளே எடுத்தார்கள்.

கட்டுமானத் தளத்தில்

சாரத்தின்மீது ஏறி வேலை செய்பவரால் திறன்பேசியை எந்நேரமும் கையாள முடியாது. சில வேலையிடங்களில் திறன்பேசிக்கு அனுமதியும் இல்லை. இத்தகைய ஊழியர்களுக்காக ‘புளூபாஸ்’ என்னும் மற்றொரு கருவி வழங்கப்பட்டது. அதுவும் உடலில் அணிந்துகொள்ளக்கூடியது. டிரேஸ்டுகெதருடன் இணைந்து இயங்கக்கூடியது. விடுதி ஊழியரும் அவர் கடைத்தெருவில் சந்திப்பவரும் வெவ்வேறு கருவிகளை வைத்திருந்தாலும், ஒன்றை ஒன்று அடையாளம் காண வேண்டும். அதற்கு இரு கருவிகளும் ஒரே விதிமுறையைப் பின்பற்ற வேண்டும். மொழி வேறானாலும் இலக்கணம் பொதுவாக இருப்பது போன்றது இது.

திறந்து காட்டினால்தான் நம்பிக்கை

‘இந்தக் கருவி நான் செல்லும் இடங்களையெல்லாம் அரசாங்கத்துக்குச் சொல்லுமா?’ என்று மக்கள் கேட்டனர். நியாயமான கேள்விதான். இதற்கு விடையாக, வன்பொருள் வல்லுநர் ஆண்ட்ரூ ஹுவாங், திறமூல மென்பொருள் துறையில் அறியப்பட்ட ஹரிஷ் பிள்ளை உள்ளிட்ட நால்வர், 2020 ஜூன் மாதத்தில் கருவியைத் திறந்து பார்க்க அழைக்கப்பட்டனர். அதில் இடங்காட்டும் ஜிபிஎஸ் இல்லை; இணையத்துடன் இணையும் வசதியும் இல்லை. மின்கலத்தின் அளவே ஒரு சான்றாகவும் அமைந்தது. அவ்வளவு சிறிய மின்கலத்தைக் கொண்டு ஜிபிஎஸ்ஸைப் பல மாதங்களுக்கு இயக்க முடியாது.

பதிவுகள் மறையாக்கம் செய்யப்பட்டுக் கருவிக்குள்ளேயே இருந்தன; 25 நாள்களுக்குப் பின் தாமாக அழிந்தன. தொற்று உறுதியானவர் கருவியை ஒப்படைத்த பிறகே அவற்றை எடுக்க முடியும். கருவி ஒலிபரப்பும் அடையாள எண்ணும் அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கும். எனவே, வழிப்போக்கர் ஒருவர் அதைக் கேட்டாலும் அது யாருடையது என்று அறிய இயலாது.

பொறியியலால் மட்டும் தீராத சிக்கல்

ஆயினும், சோதனை வேறு திசையிலிருந்து வந்தது. தரவு தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே பயன்படும் என்று முன்பு கூறப்பட்டிருந்தது. 2021 ஜனவரி 4ஆம் நாள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல்துறை அத்தரவைப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அப்போது ஏறத்தாழ 78 விழுக்காட்டுக் குடியிருப்பாளர்கள் திட்டத்தில் இணைந்திருந்தனர். பலர் ஏமாற்றம் அடைந்தனர். முன்பு உறுதியளித்தபோது அச்சட்டத்தைத் தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று அமைச்சர் பாலகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார்.

மின்சுற்றில் பிழை இல்லை. நிரலிலும் பிழை இல்லை. கருவி சொன்னபடியே நடந்துகொண்டது. ஆனால், கருவியிலிருந்து தரவு வெளியே வந்த பிறகு அதை யார், எதற்காகப் பயன்படுத்தலாம் என்பதைச் சில்லில் எழுத முடியாது. சட்டத்தில்தான் எழுத முடியும். 2021 பிப்ரவரி 2ஆம் நாள் நாடாளுமன்றம் அவ்வாறே சட்டம் இயற்றியது. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே காவல்துறை அத்தரவைக் கேட்கலாம். தரவைத் தவறாகப் பயன்படுத்துவோருக்கு $20,000 வரை அபராதமோ ஈராண்டு வரை சிறைத்தண்டனையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பணி முடிந்த பின்

2023 பிப்ரவரியில் டிரேஸ்டுகெதர் திட்டம் நிறுத்தப்பட்டது. கொலை வழக்கு ஒன்றுக்குத் தொடர்புடைய தரவு நீங்கலாக, சேகரித்த தனிமனிதத் தரவு அழிக்கப்பட்டதாக அரசாங்கம் அறிவித்தது. மறுபயனீடு செய்வதற்காக மக்கள் தங்கள் கருவிகளைச் சமூக மன்றங்களில் திருப்பிக் கொடுத்தனர். ஒரு கருவியை உருவாக்குபவர் அதன் பிறப்பைப் பற்றி மட்டுமன்றி அதன் முடிவைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். மின்கலமும் மின்சுற்றுப் பலகையும் குப்பைத்தொட்டிக்குச் செல்லக்கூடாத பொருள்கள்.

கிராஞ்சி விடுதி ஊழியரும், அடுக்குமாடி வீட்டில் தனியே வாழும் மூதாட்டியும், பள்ளி மாணவரும் ஒரே வகைத் தொழில்நுட்பத்தைச் சுமந்து நடந்த காலம் அது. தனித்தேவைக்கு மின்னணுக் கருவி செய்ய விரும்பும் மாணவர்கள் மூன்று கேள்விகளை மனத்தில் கொள்ளலாம். இதை யார் பயன்படுத்தப் போகிறார்கள்? இருக்கும் மின்னாற்றலைக் கொண்டு இது எவ்வளவு காலம் தவறாமல் இயங்கும்? இது சேர்க்கும் தகவல் யாருடைய கைக்குச் செல்லும்? முதல் இரண்டு கேள்விகளுக்குப் பொறியாளரே விடை காணலாம். மூன்றாவதற்கு விடை காண, கருவியைக் கையில் ஏந்தும் மக்களும் உடன் இருக்க வேண்டும்.