மண்ணில்லாத் தக்காளி: வீட்டுத் தோட்டக்காரர் அறிய வேண்டியவை

மண்ணின்றிப் பயிர் விளையும் என்று முன்னர் ஒருவர் சொல்லியிருந்தால் நம் குடியானவர்கள் நகைத்திருப்பார்கள். இன்று கங்கைகொண்ட சோழபுரத்துத் திண்ணைகளிலும் அதுவே பேச்சாக இருக்கின்றது. 2023-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் தக்காளி கிலோ நூறு ரூபாயைக் கடந்து விற்றதும், சென்னை நியாயவிலைக் கடைகளில் அரசாங்கமே 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க நேர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதுமுதல் கொல்லையிலேனும் மாடியிலேனும் நாலு செடி வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆவல் வளர்ந்துள்ளது. ஆவல் நல்லதே. ஆனால் அதனுடன் தவறான நம்பிக்கைகளும் சில சேர்ந்து வந்துள்ளபடியால், அனுபவத்தில் கண்டவற்றை இங்கே எழுதலானேன்.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில், பெரிய கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் குடியிருக்கும் ஓர் அம்மாள் என்னை அழைத்தார்கள். கணவரை இழந்தவர்கள், ஐந்து சென்ட் மனையும் சிறிது முந்திரித் தோப்பும் உடையவர்கள். மூன்று ஆண்டுகளாகக் கொல்லையில் தக்காளி நட்டும், காய்க்கும் பருவத்தில் செடிகள் மஞ்சளித்து வாடிவிட்டன. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுவதும் முடிச்சு முடிச்சாக இருந்தது. வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை அது. “ஐயா, இந்த மண்ணே வேண்டாம். குழாயும் மோட்டாரும் வைத்துத் தண்ணீரிலேயே வளர்க்கிறார்களாமே, ஆட்டுக்குட்டிகள் விற்ற பணம் இருக்கிறது, அதை வாங்கிப் போடட்டுமா?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நான் அளித்த விடையே இக்கட்டுரையின் சாரம்.

இம்முறை வந்த வழி

செடி மண்ணை உண்பதில்லை. மண்ணிலுள்ள நீரில் கரைந்த உப்புகளையே வேரால் உறிஞ்சுகின்றது. 1860-ம் ஆண்டை ஒட்டி ஜெர்மனி தேசத்து அறிஞர்களான ஸாக்ஸ், நாப் ஆகியோர் உப்புக் கரைசலிலேயே செடிகளை வளர்த்து இதை மெய்ப்பித்தனர். ஆராய்ச்சிச் சாலையில் இருந்த இம்முறையைப் பயிர்த்தொழிலுக்குக் கொண்டுவர முயன்றவர் அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கெரிக்கி என்பவர். ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் பெயர் 1937-ல் அவரால் வழக்கிற்கு வந்தது. அவர் தொட்டிகளில் வளர்த்த தக்காளிக் கொடிகள் 25 அடி உயரம் சென்றன என்று பத்திரிகைகள் வியந்து எழுதின.

அதே சர்வகலாசாலையின் ஹோக்லண்ட், ஆர்னான் என்னும் இருவர் இதை நிதானமாகச் சோதித்து 1938-ல் தம் முடிவை வெளியிட்டனர். நல்ல மண்ணில் நன்கு பேணப்பட்ட தக்காளியைவிடக் கரைசலில் வளர்ந்த தக்காளி மிகுதியாகக் காய்த்துவிடவில்லை என்பதே அம்முடிவு. இன்று இம்முறையில் இறங்குவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது. மண் நல்லதாக இருக்குமிடத்தில் மண்ணை விடுவதற்குக் காரணமில்லை. மண்ணே இல்லாத மாடியிலும், நோய் கண்ட மண்ணிலும் இம்முறைக்கு வேலை உண்டு.

நம் நாட்டில் 1946-ல் வங்காள மாகாணத்துக் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் இதைச் சோதித்தார். மோட்டாரும் மின்சாரமும் வேண்டாதபடி, கல்லும் மணலும் கலந்த பாத்தியில் நட்டு, உப்புக் கலவையைப் பொடியாகவே தூவி, மேலே நீர் தெளித்துக் கரைய விடுவது அவர் வகுத்த வழி. இதற்கு வங்காள முறை என்று பெயர். எளிய குடும்பத்தார்க்கு இவ்வழியே பொருந்தும்.

மண் செய்த வேலை யாருடையது?

நல்ல மண் ஒரு நாள் நீர் தவறினாலும் செடியைக் காக்கும். உரம் சற்றே கூடினாலும் குறைந்தாலும் தாங்கிக்கொள்ளும். மண்ணை நீக்கியவுடன் அந்த வேலை முழுவதும் வளர்ப்பவர் தலையில் விழுகின்றது. இதை நான் நஷ்டப்பட்டே கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் குழாய்களில் கரைசல் ஓடும்படி எட்டுச் செடிகள் வைத்தேன். பங்குனி மாதத்தில் நான் முகாமுக்குச் சென்றிருந்த ஒரு பகலில் மின்சாரம் நின்றது. மாலையில் திரும்பியபோது காயோடு எட்டுச் செடிகளும் துவண்டு கிடந்தன, மீண்டவை இரண்டே. ஆதலால் அம்மாளிடம், “மோட்டார் இப்போது வேண்டாம் அம்மா. ஆறு வாளிகளில் ஒரு பருவம் பாருங்கள், பிறகு பணத்தைத் தொடலாம்” என்றேன்.

செய்முறை

பருவம்: தக்காளி கடும் வெயிலில் பூக்கும், ஆனால் பிஞ்சு பிடியாது. ஐப்பசியில் மழை படாத இடத்தில் விதைத்து, 25 நாள் நாற்றைக் கார்த்திகையில் நட்டால், மார்கழி, தை மாதங்களின் குளிர்ச்சியில் பூத்துப் பங்குனி வெயில் முற்றுமுன் பெரும்பகுதி பறித்துவிடலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 படர்ந்து ஓடாமல் குத்தாக வளர்வதால் வாளிக்கு ஏற்றது.

வாளி: 15 முதல் 20 லிட்டர் கொள்ளும் பழைய வாளி போதும். அடியில் துளையிட்டு, கீழே தட்டு வைக்கவும். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கும், உடைத்துக் கழுவிய செங்கல் சல்லி ஒரு பங்கும் கலந்து நிரப்பவும். நார்க்கழிவில் உப்பு இருக்கும்; மூன்று நான்கு முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்தே பயன்படுத்த வேண்டும்.

சத்துக் கரைசல்: 100 லிட்டர் நீருக்கு உர வகைக் கால்சியம் நைட்ரேட் 100 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 50 கிராம், மக்னீசியம் சல்பேட் 50 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 15 கிராம், இரும்புச் செலேட் 2 கிராம் தேவை. மாங்கனீஸ், துத்தநாகம், போரான் முதலியன அடங்கிய நுண்ணூட்டக் கலவையைப் பொட்டலத்தில் குறித்த அளவில் சேர்க்கவும். கால்சியம் நைட்ரேட்டைத் தனிப் பாத்திரத்தில் கரைத்து, மிகுதி நீர் உள்ள தொட்டியில் கடைசியாக ஊற்ற வேண்டும். கெட்டிக் கரைசல்களாக ஒன்றாய்ச் சேர்த்தால் அது பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் கூடிச் சுண்ணாம்புபோல் அடியில் படிந்துவிடும், செடிக்குக் கிட்டாது. நாற்றுகளுக்குப் பாதிச் செறிவு போதும்.

நீர்: அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் நிறைந்த பூமி, ஆழ்குழாய் நீர் பல இடங்களில் கடுப்பானது. அத்தகைய நீரில் இரும்புச் சத்து இருந்தும் செடிக்குப் பயன்படாமல் இளந்தளிர் வெளுக்கும். இயன்றவரை மழைநீரைச் சேமித்துக் கலந்துகொள்க. அமிலநிலை காட்டும் தாளில் 5.5-க்கும் 6.5-க்கும் இடையே இருப்பது நலம். இராஜேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கம் என்னும் பொன்னேரியைப் பார்த்து வளர்ந்த ஊராருக்கு மழைநீரின் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அன்றாடப் பராமரிப்பு: கரைசலைக் காலையிலும் மாலையிலும், தட்டில் சிறிது வடியுமளவு ஊற்றவும். காய்த்த செடி வெயில் நாளில் ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை குடிக்கும். வாரம் ஒருமுறை வெறும் நீர் ஊற்றித் தங்கிய உப்பைக் கழுவவும். பூக்கும் நாட்களில் காலையில் தண்டை மெல்லத் தட்டினால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் அதை நோயென்று மருந்தடிக்க வேண்டாம். ஒரு நாள் காய்ந்தும் ஒரு நாள் நனைந்தும் நீர் மாறி மாறிக் கிடைப்பதால் சுண்ணாம்புச் சத்து காய்க்கு எட்டாமற் போவதே பெரும்பாலும் காரணம்.

ஒரு வீட்டுக் கணக்கு

அம்மாள் கார்த்திகையில் ஆறு நாற்றுகள் நட்டார்கள். ஒன்று இலைச்சுருட்டு நோயால் பிடுங்கப்பட்டது. மிச்சம் ஐந்தும் பங்குனி நடுவரை ஏறக்குறைய எட்டுக் கிலோ பழம் தந்தன. வேரில் ஒரு முடிச்சும் இல்லை. தட்டில் வடிந்த கரைசல் வீணாகாமல் வாழைக்குப் போயிற்று. உப்புகள், விதை, அமிலத் தாள் இவற்றின் செலவை எழுதிவைத்திருந்தார்கள். தக்காளி மலிவாக விற்ற மாதங்களின் சந்தை விலையில் பார்த்தால் கணக்கு நட்டத்தில் நின்றது. விலை ஏறிய நாட்களின் கணக்கில் சரிக்குச் சரியாயிற்று. இது ஒரு வீட்டின் அனுபவமே, எல்லார்க்கும் விதியாகாது.

கணக்கைக் காட்டிவிட்டு அவர்கள் சொன்னது: “இரண்டு வேளையும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது ஐயா. கைக்குழந்தை மாதிரி. ஆறு வாளிக்கு என்னால் ஆகும், அறுபதுக்கு ஆகாது.” ஆட்டுக்குட்டி விற்ற பணம் பெட்டியிலேயே இருக்கின்றது. கொல்லை மண்ணில் இவ்வாண்டு தக்காளியும் கத்தரியும் வையாமல், நூற்புழுவை ஒடுக்கும் துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக விதைத்து, வேப்பம் பிண்ணாக்கும் இட்டிருக்கிறார்கள். மண் தேறினால் தக்காளி மண்ணுக்கே திரும்பும். வாளிகள் மாடிக்குப் போகும்.

ஆகவே வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு நான் கூறுவது இவ்வளவே. விலை உயர்ந்த கருவிகளை முதலில் வாங்காதீர்கள். நான்கு அல்லது ஆறு வாளிகளில் ஒரு பருவம் வளர்த்து, நாள்தோறும் செலவழித்த பொருளையும் நேரத்தையும் குறித்து வாருங்கள். இருவேளையும் செடியருகே நிற்க உங்களால் முடியுமா என்பதை அந்த ஒரு பருவமே காட்டிவிடும். மேலும் விவரம் வேண்டுவோர் தம் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ, சோழமாதேவியிலுள்ள வேளாண் அறிவியல் மையத்தையோ அணுகலாம். செல்லும்போது வாடிய செடி ஒன்றை வேரோடும், கிணற்று நீர் ஒரு புட்டியும் எடுத்துச் செல்லுதல் நன்று.