பருத்தி விதையும் பழியும்

நல்லம்பள்ளி வட்டாரத்தில் பருத்தி விதை வாங்கும் குடியானவர்கள் குஜராத்தில் நேர்ந்ததை அறிந்திருத்தல் நலம். காய்ப்புழுவை எதிர்க்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட பி.டி. பருத்தி 2002-ஆம் வருஷம் நமது தேசத்தில் அனுமதிக்கப்பட்டது. அம்ரேலி முதலிய நான்கு ஜில்லாக்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அப்பருத்தியைத் தின்றும் பிழைப்பதாக 2010-இல் மான்சான்டோ கம்பெனியாரே ஒப்புக்கொண்டனர். ஆயினும் காரணம் கூறுங்கால், குடியானவர்கள் சாதாரணப் பருத்தியைப் போதுமான அளவு உடன் விதைக்கவில்லை என்றும், அனுமதி பெறாத விதைகளை முன்னரே உபயோகித்தனர் என்றும் உரைத்தனர்.

விதி இருந்தது மெய்யே. 450 கிராம் பி.டி. விதையுடன் 120 கிராம் சாதாரண விதையும் தரப்பட்டது. சுற்றிலும் ஐந்து வரிசை, அல்லது நிலத்தில் 20 சதவிகிதம், இவற்றுள் எது அதிகமோ அவ்வளவு விதைக்க வேண்டும். அதில் வளரும் புழுக்களின் அந்துகள், எதிர்ப்புச் சக்தி பெற்ற அந்துகளோடு இணைந்து அச்சக்தி பரவுவதைத் தாமதப்படுத்தும். ஆனால் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமுடையவர் ஐந்திலொரு பங்கைப் புழுவுக்கு விட்டுவைப்பாரா? விதையின் பயனே இந்நிபந்தனையைப் பொறுத்ததாயின், அதனை விளம்பரத்தின் முதல் வரியிலேயே கூறியிருத்தல் வேண்டும்.

விதைப்பை, அதன் சீட்டு, ரசீது மூன்றையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துக. பயிர் பொய்த்தால், அது வயலில் நிற்கும்போதே வேளாண்மை அலுவலரைக் கொண்டு பார்வையிடச் செய்க. விதை முழுவதையும் விதைத்துவிட்டமையால் பரிசோதனைக்கு மாதிரி இல்லை என்பதற்காகக் குடியானவரின் நுகர்வோர் வழக்கைத் தள்ளலாகாதென, தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்துள்ளது.