சால்மொனெல்லாவின் ஊசி

சரியாக வேகாத முட்டை, கோழி இறைச்சி வழியாக வயிற்றுக்குள் போகும் சால்மொனெல்லா பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்திலேயே மடிந்துவிடும். தப்பியவை குடலை அடைகின்றன. குடற்சுவரில் நெருங்கி அடுக்கியிருக்கும் செல்களுக்குக் கிருமிகளை விழுங்கும் வழக்கம் இல்லை. ஆனாலும் சால்மொனெல்லா அவற்றைத் தன்னை விழுங்க வைத்துவிடுகிறது. 'மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு' என்ற நுண்கருவியால்தான் இது முடிகிறது.

1998-இல் ஹோர்ஹே கலான் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். பாக்டீரியாவின் இரண்டு சவ்வுகளிலும் பதிந்த வளைய அடித்தளம், அதிலிருந்து வெளியே நீளும் உள்ளீடற்ற ஊசி. ஊசியின் நீளம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ 20,000-இல் ஒரு பங்கு. மடிந்து திரண்ட புரதம் நுழைய முடியாத அளவுக்குத் துளை குறுகலானது. அதனால் புரதங்கள் மடிப்புக் கலைந்து, இழையாக நீண்டு அதைக் கடக்கின்றன.

ஊசி குடற்செல்லைத் தொட்டதும் அதன் சவ்வில் ஒரு துளை உண்டாகிறது. அதன் வழியே உள்ளே போகும் 'சோப்-ஈ' என்ற புரதம், செல்லின் வடிவத்தைத் தாங்கும் ஆக்டின் இழைகளைத் தூண்டிவிடுகிறது. சவ்வு அலையலையாகப் பொங்கி எழுந்து பாக்டீரியாவை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கூடவே செலுத்தப்பட்ட 'எஸ்பிடிபி' என்ற இன்னொரு புரதம் அந்தத் தூண்டலை அணைக்கிறது; செல் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. சோப்-ஈ விரைவில் சிதைந்துவிடும், எஸ்பிடிபி கூடுதல் நேரம் நிலைக்கும். இந்தக் கால வேறுபாட்டினால்தான் தூண்டலும் தணிவும் வரிசை தவறாமல் நடக்கின்றன. உள்ளே ஒரு சவ்வுப் பைக்குள் அடங்கியபின், அங்குள்ள அமிலத்தன்மையை உணர்ந்து, அங்கேயே பெருகுவதற்காக இரண்டாவது ஊசி அமைப்பை இயக்குகிறது சால்மொனெல்லா.

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில ஈ.கோலை வகைகளின் வழி வேறு. அவை 'டிர்' என்ற தம் புரதத்தை ஊசியால் செலுத்துகின்றன. அது செல்லின் சவ்வில் போய் அமர்ந்ததும் அதையே பிடிமானமாக்கி ஒட்டிக்கொள்கின்றன. பற்றிக்கொள்ள வேண்டிய இடத்தையும் பாக்டீரியாவே கொண்டுவருகிறது என்பதை 1997-இல் பிரெட் ஃபின்லேயின் குழு வெளியிட்டது.

டிர் புரதமும் செல்லின் ஆக்டினைத் தூண்டுகிறது. இரண்டு வழிகளிலுமே ஆக்டினை அசைக்கும் வேலையை நம் செல்தான் செய்கிறது; கட்டளை மட்டுமே பாக்டீரியாவுடையது. கட்டளை செல்லும் ஊசியை அடைத்துவிட்டால், கிருமியைக் கொல்லாமலே நோயைத் தடுக்கலாம், குடலின் நல்ல பாக்டீரியாக்களும் தப்பும் என்ற நம்பிக்கையில் ஆய்வுகள் நடக்கின்றன. இந்த நோக்கில் மருந்து தேடுவது ஆன்டிபயாட்டிக்குகள் வலுவிழந்துவரும் இக்காலத்துக்கு அவசியமான முயற்சி. ஆனால் ஊசி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அதை ஏந்திய பாக்டீரியா சூட்டைத் தாங்காது. மஞ்சள் கரு கெட்டியாகும்வரை முட்டையையும், உட்பகுதி வேகும்வரை இறைச்சியையும் சமைப்பது இன்றும் உறுதியான பாதுகாப்பு.