கம்ப்யூட்டர் கட்டுவோம், கரண்ட்டைப் பார்த்துக் கட்டுவோம்!



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்து அண்ணன்கள் கேட்டபோது நானும் எல்லோரையும் போலக் கவிதைதான் எழுத உட்கார்ந்தேன். நான்கு வரிக்கு மேல் நகரவில்லை. "உனக்குத் தெரிஞ்சதை எழுதுடா மச்சி" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வீடியோ எடிட்டிங்கும் கேமும் ஓடுகிற கம்ப்யூட்டரை, பாகம் பாகமாக வாங்கி, இரண்டு தடவை என் கையால் கட்டியிருக்கிறேன். முதலில் கட்டியது ஒன்றரை மாதத்தில் வெடித்தது. இரண்டாவது இன்றும் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நான் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அம்மையார்குப்பம். திருத்தணிப் பக்கம், ஆந்திர எல்லைக்கு அருகில். ஊருக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம்தான். என் தாய்மாமா கல்யாணம், காதுகுத்து, ஆடிக் கிருத்திகைக் காவடி என்று வீடியோ எடுப்பவர். வீடியோவை வெளியூரில் கொடுத்து எடிட் செய்து வாங்கியதில் வருமானத்தில் பாதி போய்க்கொண்டிருந்தது. "நீ டிப்ளமோ படிக்கிறே இல்ல மாப்ளே, ஒரு கம்ப்யூட்டர் கட்டிக் குடு, நம்மளே எடிட் பண்ணலாம்" என்று 2024 பொங்கலுக்கு முன்னால் அறுபதாயிரம் ரூபாயை என் கையில் கொடுத்தார். அப்போது நான் முதலாமாண்டு. எனக்குள் ஓடியதெல்லாம் கேம் கனவு!

என்ன செய்தேன் தெரியுமா? கண்ணாடி வைத்து, கலர் கலராக விளக்கு எரிகிற கேபினெட்டைத் தேர்ந்தெடுத்தேன். மிச்சத்தில் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுக்கும் மானிட்டருக்கும் போனது. கடைசியில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் காசு இல்லை. "கவலைப்படாதே தம்பி, 500 வாட் எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடவே வருது" என்றார் கடைக்காரர். இலவசம் என்றதும் வாய் நிறையச் சிரித்தேன்.

தை மாதத்தில் ஒரு கல்யாணம். வீடியோவை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, மெமரி கார்டை அடுத்த வேலைக்கு அழித்துவிட்டார் மாமா. மாசியில் ஒரு சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. தெருவில் இருந்த தறிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. தறி மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும் என்று நாம் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? வோல்டேஜ் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம். கருகிய வாசனை. எஸ்எம்பிஎஸ் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது. அந்தக் கல்யாணத்துக்கு வேறு காப்பியே கிடையாது.

மாமா பெண் வீட்டுக்கு மூன்று முறை நடந்தார். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சென்னையில் டேட்டா மீட்டுத் தருகிற ஒருவரிடம் டிஸ்க்கைக் கொடுத்தோம். உள்ளே இருக்கும் தட்டு நன்றாகத்தான் இருந்தது, அடியில் உள்ள சர்க்யூட் போர்டுதான் செத்திருந்தது. அதே மாதிரி வேறொரு போர்டை அப்படியே மாட்டினால் வேலை செய்யாது. பழைய போர்டில் அந்த டிஸ்க்குக்கே உரிய தகவலை வைத்திருக்கும் சின்னச் சிப்பை எடுத்துப் புதியதில் பொருத்த வேண்டும். மூன்று வாரம், பதினாறாயிரம் ரூபாய். நல்ல எஸ்எம்பிஎஸ் அப்போது நாலரை ஆயிரத்துக்குக் கிடைத்தது.

செத்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்ம லேபில் திறந்து பார்த்தேன். (நீங்கள் திறக்காதீர்கள். 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக மாற்றினால் உச்சம் 325 வோல்ட். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதைப் பிடித்து வைத்திருக்கும். நான் ஆசிரியர் மேற்பார்வையில் டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான் தொட்டேன்.) உள்ளே ஃபில்டர் காயில் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒயரைப் போட்டு இணைத்திருந்தார்கள். மிகை வோல்டேஜைத் தாங்கும் பாகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. அட்டையில் 500 வாட் என்று கொட்டை எழுத்து. ஆனால் அதே அட்டையில் கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 192 வாட்! பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். ஒழுங்கான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த இடத்தில் 45 ஆம்பியர் அளவுக்குப் போட்டிருக்கும். பெருக்கத் தெரிந்த நான் வாங்கும்போது பெருக்கவில்லை, அவ்வளவுதான்.

2024 ஆடி மாதம், மாமா ஏலச்சீட்டைத் தள்ளிவிட்டு எடுத்து எண்பதாயிரம் கொண்டுவந்தார். இந்த முறை தலைகீழாகப் போனேன். முதலில் மின்சாரம், அடுத்து வீடியோ பத்திரமாக இருக்கும் இடம், அப்புறம்தான் வேகம். விளக்கு கடைசி. உண்மையில் விளக்கே வாங்கவில்லை.

எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் வேண்டும் என்பது ஜோசியம் இல்லை, கணக்கு. நான் எடுத்த இன்டெல் ஐ5-12400 பிராசஸர் உச்சத்தில் 117 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட். மற்றவை எல்லாம் சேர்ந்து அறுபது என்று வையுங்கள். ஏறக்குறைய 350. 550 வாட் தாராளம். '80 பிளஸ்' முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதற்கான முத்திரைதான், பாதுகாப்புக்கான சான்று இல்லை. மிகை வோல்டேஜ், மிகை மின்னோட்டம், ஷார்ட் இவற்றுக்குப் பாதுகாப்பு உண்டா என்று தனியாகப் பாருங்கள். நம்ம ஊர் மாதிரி வோல்டேஜ் ஆடுகிற இடத்துக்கு '100 முதல் 240 வோல்ட்' என்று போட்ட, ஆக்டிவ் பிஎஃப்சி உள்ளது நல்லது. தறி கிளம்பும்போது 180-க்கு இறங்கினாலும் அது அசராது. பின்னால் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் வைத்ததைப் பார்த்தால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

யுபிஎஸ் வாங்குவதில் நம்மில் பலர் ஏமாறுகிறோம். 600 விஏ என்றால் 600 வாட் என்று நினைப்பு. பவர் ஃபேக்டர் படித்தவர்களே இப்படி நினைத்தால் எப்படி? அந்த ரக யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மேலே சொன்ன 350 வாட், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 400-க்கு மேல் இழுக்கும். கேம் நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ்ஸும் சேர்ந்து போகும். ஆகவே 1100 விஏ எடுத்தேன். அரை மணி நேரம் கேம் ஆட இல்லை, எடிட்டைச் சேமித்துவிட்டு அணைக்க ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும்.

இன்னொன்று. கேபினெட்டைத் தொட்டால் 'சுருக்' என்கிறதா? எங்கள் வீட்டில் இருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரில் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்கு ஒவ்வொரு சின்னக் கெப்பாசிட்டர் உண்டு. எர்த் இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து கேபினெட்டைப் பாதி வோல்டேஜில், அதாவது 115 பக்கம் மிதக்க விடும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது, ஆனால் எர்த் இல்லை என்று கத்திச் சொல்கிறது. மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டரைத் தூக்கி எறிந்துவிட்டு எர்த் போட்டோம். தறிக்குக் கொடுத்த சலுகை இணைப்பிலிருந்து ஒயர் இழுக்கும் யோசனையும் வந்தது. அது தப்பு என்று அப்பாவே தடுத்துவிட்டார்.

இனி வேகம். நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம். தறி எவ்வளவு வேகமாக ஓடினாலும், தார் சுத்துகிற அம்மாவின் கை தளர்ந்தால் நாடாவுக்கு நூல் இல்லை, தறி நிற்கும். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். டிஸ்க் கொடுப்பதை ரேம் வாங்க வேண்டும், பிராசஸர் பிரிக்க வேண்டும், கார்டு வரைய வேண்டும். எது மெதுவோ அதன் வேகம்தான் மொத்தத்துக்கும் வேகம். ஒரே ஒரு பாகத்தில் காசைக் கொட்டியது என் முதல் மெஷின்.

அதனால் கடைக்குப் போகும் முன்னால் மாமாவிடம் கேட்டது, "எந்தக் கேமரா மாமா?" என்ற ஒரே கேள்வி. அவரிடம் இருந்தது சோனி ஏ7 மூன்று. அடுத்து வாங்க ஆசைப்பட்டது ஏ7 நான்கு. முதலாவது எடுக்கும் வீடியோவில் நிறத்தகவல் குறைத்து வைக்கப்படுகிறது. 8 பிட், 4:2:0 என்பார்கள். ஏறக்குறைய எல்லாக் கார்டும் இதைப் பிரிக்கும். இரண்டாவது 10 பிட், 4:2:2 வரை எடுக்கும். எச்.265 முறையில் சுருக்கிய 4:2:2 வீடியோவை, 2025-ல் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வரும் வரை என்விடியா கார்டுகள் தாமாகப் பிரிக்காது. இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களில் 11ஆம் தலைமுறை முதல் உள்ளே இருக்கும் சின்னக் கிராபிக்ஸ் பகுதி அதை அலட்டாமல் பிரிக்கும். ஆனால் பெயருக்குப் பின்னால் 'எஃப்' போட்ட பிராசஸரில் அந்தப் பகுதி வேலை செய்யாது. 12400-க்கும் 12400எஃப்-க்கும் அன்று இரண்டாயிரம் சொச்சம்தான் வித்தியாசம். முதல் மெஷினில் அந்த இரண்டாயிரத்தை மிச்சம் பிடித்து 'எஃப்' வாங்கியவனும் நானே! வெடிப்பில் பிழைத்த அந்தப் பிராசஸரை, கேம் மட்டும் ஆடுகிற ஒரு நண்பனுக்கு விற்றேன். அவனுக்கு அது சரியான பொருள்.

13, 14ஆம் தலைமுறை உயர்ரக இன்டெல் பிராசஸர்கள் கூடுதல் வோல்டேஜால் கெட்டுப்போன விவகாரம் 2024-ல் வெடித்தது. கம்பெனி மைக்ரோகோடு திருத்தமும் கூடுதல் வாரண்டியும் கொடுத்தது. பழைய ஸ்டாக்கிலோ செகண்ட்ஹேண்டிலோ அவற்றை வாங்கினால் முதல் வேலையாக பயாஸைப் புதுப்பியுங்கள்.

ரேம் 32 ஜிபி, 16 ஆக இரண்டு. ஒரே குச்சியாக வாங்கினால் ஒரு வழிச் சாலை, இரண்டானால் இரு வழி. மாட்டியதும் பயாஸில் எக்ஸ்எம்பி போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கியது பல சமயம் 2666-க்குக் கீழேயே சோம்பேறியாக ஓடும். அன்று ஆறாயிரத்துக்குள் வாங்கினேன். 2025 கடைசியில், மெமரித் தொழிற்சாலைகள் செயற்கை நுண்ணறிவு சர்வர்களின் பக்கம் திரும்பியதால் விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது. இப்போது கட்டுகிறவர்கள் 8 ஆக இரண்டு போட்டு, நான்கு இடம் உள்ள மதர்போர்டு வாங்கினால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சின்னதாக்கிய நகலை வைத்து எடிட் செய்து, கடைசியில் மட்டும் அசலைச் சேர்க்கும் 'ப்ராக்ஸி' முறையைப் பழகினால் 16 ஜிபியிலும் கல்யாணம் முடிக்கலாம்.

டிஸ்க் கணக்கு: கேமரா நொடிக்கு 100 மெகாபிட் எழுதினால் 12.5 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. பழைய ஹார்டு டிஸ்க்கே நொடிக்கு 150 மெகாபைட் கொடுக்குமே, எஸ்எஸ்டி எதற்கு என்று கேட்கலாம். ஒரு கேமரா என்றால் சரி. தாலி கட்டும் நேரத்தை மூன்று கேமராவில் வைத்து மாற்றி மாற்றி வெட்டும்போது ஹார்டு டிஸ்க்கின் ஊசி இங்கும் அங்கும் ஓடியே களைத்துவிடும். ஆகவே நடக்கிற வேலைக்கு 1 டிபி என்விஎம்இ, முடிந்ததற்கு 4 டிபி ஹார்டு டிஸ்க். கல்யாண ஆல்பம் கை மாறும் வரை மூன்றாவது நகல், வெளியே ஒரு டிஸ்க்கில், வேறு வீட்டில். அது எங்கள் வீட்டு அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டில் 8 ஜிபி உள்ள புதிய 4060-ஐக் கேமுக்காக மனசு கேட்டது. 4கே எடிட்டிங்கில் மெமரிதான் முதலில் தீரும் என்பதால் 12 ஜிபி உள்ள பழைய 3060 எடுத்தேன். வேலோரண்டுக்கு இதுவே அதிகம்; ஜிடிஏ ஐந்தும் நன்றாக ஓடுகிறது. செகண்ட்ஹேண்ட் கார்டு மலிவாகக் கிடைக்கும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றபோது இரவு பகல் ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன என்பதை நினைவில் வைத்து, முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

எல்லாவற்றையும் ரிச்சி தெருவில்தான் வாங்கினோம். திருத்தணியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போகலாம். ஞாயிறு வேண்டாம், பெரும்பாலான கடை மூடியிருக்கும். ரிச்சி தெரு என்பது ஒரு தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சந்தை. முதல் கடையிலேயே வாங்காமல், நான்கு கடையில் விலையை எழுதிக்கொண்டு டீ குடித்துவிட்டு யோசியுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் இருநூறு, முன்னூறு குறைத்துத் தருவார்கள். பில்லில் சீரியல் நம்பர் இருந்தால்தான் வாரண்டிக்கு வழக்குப் பேச முடியும் என்பதால் நாங்கள் குறைக்கச் சொல்லவில்லை.

1994-ல் வந்த மகாநதியை ஆவிட் கம்ப்யூட்டரில் எடிட் செய்தார்கள், இந்தியாவில் அப்படி வந்த முதல் படம் அதுதான் என்று சொல்வார்கள். அந்த வேலை இன்று எங்கள் வீட்டு முன்னறையில், தறிக்கும் தார் சுத்தும் ராட்டைக்கும் நடுவில் நடக்கிறது. அந்த வருடம் ஆடிக் கிருத்திகைக் காவடி வீடியோவை முதலில் போட்டோம். ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. யுபிஎஸ் 'பீப் பீப்' என்றது. மாமா என்னைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன். நான்கு நிமிடத்தில் கரண்ட் வந்தது, தெருவில் தறிகள் கிளம்பின, ரெண்டர் 61 சதவீதத்திலிருந்து 62-க்குப் போனது. "நீ சாப்பிடப் போ மாப்ளே" என்றார் மாமா.