காலில் ஒரு கிலோ

விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் நரசிங்கனூர், பூரிகுடிசை போன்ற ஊர்களில் விடிகாலையில் பனையேறும் ஒருவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இடுப்பில் பெட்டி தொங்கும். அதில் பாளை சீவும் அரிவாள் இருக்கும். இறங்கும்போது பதநீரும் சேர்ந்துகொள்ளும். காலில் மட்டும் ஒரு தளைக்கயிறு, அவ்வளவுதான். செருப்புகூடக் கிடையாது. இடுப்புச் சுமை வேறு, காற்சுமை வேறு என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதே பாடத்தை லட்சக்கணக்கில் செலவழித்துக் கற்றுக்கொள்ளும் ஒரு கூட்டம் உலகில் இருக்கிறது. ரோப் கார் இல்லாத பனிமலைகளில், பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு தாமே ஏறித் தாமே சறுக்கி இறங்குகிறவர்கள். ஆங்கிலத்தில் ஸ்கீ டூரிங் என்பார்கள்.

முதலில் சொல் தகராறு ஒன்றைத் தீர்த்துவிடலாம். மார்கழியில் திண்டிவனத்தில் 'பனி கொட்டுது' என்று சொல்லி, மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறோமே, அது பனித்துளி. ஊட்டியில் புல்மேல் வெள்ளையாகப் படிவது உறைபனி. இங்கே பேசப்போவது வானத்திலிருந்து பஞ்சுபோல விழுந்து ஆள் உயரத்துக்குக் குவியும் வெண்பனி. தமிழில் எல்லாம் பனிதான். 'பனிச்சறுக்கு' என்ற பெயரும் இந்த விளையாட்டுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஐந்து மணி நேரப் பயணத்தில் நாலரை மணி நேரம் ஏற்றம். சறுக்குவது மிச்சமிருக்கும் கொஞ்ச நேரம்தான்.

சறுக்குவதற்கென்றே வழவழப்பாகச் செய்த பலகையை மாட்டிக்கொண்டு சரிவில் எப்படி ஏற முடியும்? உறியடித் திருவிழாவில் வழுக்குமரம் ஏறிய இளைஞர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். விடை மாட்டின் முதுகில் இருக்கிறது. கழுத்திலிருந்து வால் பக்கமாகத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். வாலிலிருந்து கழுத்துப் பக்கம் தடவினால் மயிர் சிலிர்த்துக்கொண்டு கையைத் தடுக்கும். மயிரின் சாய்வுதான் காரணம். சீனாவின் அல்தாய் மலைப் பகுதியில் மரப்பலகையின் அடியில் குதிரைக்கால் தோலை நிரந்தரமாகப் பொருத்தி இன்றும் ஏறி இறங்குகிறார்கள். ஐரோப்பாவின் வடக்கில் கடல்நாய்த் தோலைப் பயன்படுத்தினார்கள். இன்றைக்கு அது அங்கோரா ஆட்டு மயிரான மொஹேர், அல்லது நைலான், அல்லது இரண்டும் கலந்த நீண்ட பட்டை. விலங்கின் தோல் போய்விட்டது, பெயர் மட்டும் 'ஸ்கின்' என்றே நிலைத்துவிட்டது. நாமும் தோல் என்றே வைத்துக்கொள்வோம்.

பட்டையின் ஒரு பக்கம் மயிர், மறுபக்கம் பிசின். பலகையின் அடியில் ஒட்டி, முனையில் ஒரு வளையமும் வாலில் ஒரு கொக்கியும் மாட்டினால் வேலை முடிந்தது. முன்னே தள்ளும்போது வழுக்கும், பின்னே சரியப் பார்க்கும்போது மயிர்கள் பனியில் குத்திட்டு நிற்கும். காலைத் தூக்கி வைக்கக் கூடாது, தரையோடு இழுத்துத் தள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டு ஏறுவதுபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து அரை மணியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பலகை இல்லாமல் வெறும் பூட்ஸோடு நடந்தால் என்ன? இடுப்புவரை புதைவோம். இரண்டு பூட்ஸின் அடிப்பரப்பு ஏறக்குறைய 600 சதுர சென்டிமீட்டர். 170 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு பலகைகளின் பரப்பு 3,400. அதே உடல் எடை ஐந்தாறு மடங்கு பரப்பில் பரவுகிறது. நாற்று நடும் சேற்றில் பலகை போட்டு நிற்பதுபோல. நார்வேக்காரர் ஃபிரிட்யாஃப் நான்சென் 1888இல் ஐந்து தோழர்களோடு கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்ததும் இப்படிப் பலகைகளின் துணையோடுதான்.

தோல் பழைய சங்கதி. புதிய சங்கதி குதிகாலில் இருக்கிறது. ஏறும்போது குதிகால் மேலே எழ வேண்டும், விரல்பக்கம் மட்டும் கீல்போலப் பலகையோடு இணைந்திருக்க வேண்டும். இறங்கும்போது குதிகாலும் பூட்டிக்கொள்ள வேண்டும். கீழே விழுந்தால் கால் முறியாமல் பூட்ஸ் தானாகக் கழன்று வரவும் வேண்டும். பூட்ஸையும் பலகையையும் இணைக்கும் பைண்டிங் என்ற சின்னப் பொருளிடம் இத்தனை எதிர்பார்ப்பு. பழைய வகையில், பூட்ஸைத் தாங்க ஒரு நீண்ட உலோகச் சட்டம் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சட்டமும் காலோடு சேர்ந்து எழும்பி இறங்கும்.

1980களில் ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்ட்டல், கனமான சாமான்களோடு மான்ட் பிளாங்க் மலைக்குப் போய் அலுத்துத் திரும்பியவர், இதைத் தலைகீழாக யோசித்தார். பூட்ஸே கெட்டியான பிளாஸ்டிக்தானே, அதற்குத் தனியாகச் சட்டம் எதற்கு? பூட்ஸின் விரல்பக்கத்தில் இருபுறமும் சின்னக் குழிகள் வைத்தார். பலகையில் இரண்டு ஊசிமுனைகள் அந்தக் குழிகளைக் கவ்விக்கொள்ளும். ஏறும்போது தூக்குவதற்குப் பூட்ஸைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்தக் கருவிக்கு அவர் வைத்த பெயர் 'லோ டெக்'. குசும்புதான். பின்னால் டைனாஃபிட் நிறுவனம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இன்றைக்கு மலையேறும் பலகைகளில் பெரும்பாலானவை இந்த ஊசிப் பூட்டின் வம்சம்.

இப்போது நம் பனையேறியின் கணக்குக்கு வருவோம். 1969இல் சூல், கோல்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் ஆட்களின் தலையிலும் கையிலும் காலிலும் எடையைக் கட்டி நடக்கவிட்டு, எவ்வளவு சக்தி செலவாகிறது என்று அளந்தார்கள். உடம்பின் சொந்த எடையில் ஒரு கிலோவைச் சுமக்க ஆகும் செலவை ஒன்று என்று வைத்தால், தலையில் ஒரு கிலோவுக்கு 1.2. தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்த நம் பெண்கள் கெட்டிக்காரர்கள். காலில் ஒரு கிலோவுக்கோ, நடையின் வேகத்தைப் பொறுத்து 4.2இலிருந்து 6.3 வரை. ஒவ்வொரு அடிக்கும் அந்த எடையை நிறுத்தி, மறுபடி வேகமெடுக்க வைக்க வேண்டியிருக்கிறதே, அதற்கான கூலி இது. பனியில் காலைத் தூக்காமல் வழுக்கி நகர்த்துவதால் இந்தக் கணக்கு கொஞ்சம் தணியும். அதற்காக மாறிவிடாது.

செஞ்சி ராஜகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 800 அடி உயரம். ஒரு நாள் பனிப்பயணத்தில் 1,000 மீட்டர் ஏறுவது சாதாரணம். நாலு ராஜகிரியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். 15 டிகிரி சாய்வில் வளைந்து வளைந்து ஏறினால் பாதை ஏறக்குறைய 3,900 மீட்டர். காலடிக்கு 70 சென்டிமீட்டர் என்றால் ஐந்தாயிரத்து ஐந்நூறு காலடிகள். ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ குறைத்தால், நகர்த்தாமல் விட்ட எடை மொத்தம் ஐந்தரை டன். நெல் மூட்டைக் கணக்கில் சொன்னால் ஒரு லாரி லோடு.

ரோப் காரில் ஏறிச் சறுக்கி இறங்குகிறவரின் பலகை, பைண்டிங், பூட்ஸ் மூன்றும் சேர்ந்து ஒரு காலுக்கு 5 கிலோவை ஒட்டி இருக்கும். நல்ல டூரிங் சாமான் அதில் பாதி. பந்தயக்காரர்கள் அதிலும் பாதிக்கு இறங்கிவிட்டார்கள். இப்படியே போனால் காகிதத்தில் பலகை செய்வார்கள் என்றோ என்னவோ, சர்வதேசப் பனிமலையேற்றக் கூட்டமைப்பு குறைந்தபட்ச எடையை விதியாகவே வைத்திருக்கிறது: ஆண்களுக்கு பைண்டிங்கோடு பலகை 750 கிராம், பூட்ஸ் 500 கிராம். பெண்களுக்கு 700, 450. இதற்குக் கீழே போகக் கூடாது. 2026 மிலான் கோர்ட்டினா குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட பனிமலையேற்றப் போட்டி இவர்களுடையதுதான்.

கடையில் வாங்கியதோடு திருப்தி அடையாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மேலும் எடை குறைக்கும் ஆசாமிகள்தான் எனக்குப் பிடித்தவர்கள். நம் ஊரில் டிவிஎஸ் 50 வாங்கினால் எதையாவது மாட்டிக்கொண்டே போவோம். இவர்கள் கழற்றிக்கொண்டே போகிறார்கள். பூட்ஸில் நாலு கொக்கி இருந்தால் இரண்டைக் கழற்றுவது, உள்ளே இருக்கும் கனமான மெத்தையை மாற்றி மெல்லியதைப் போடுவது, தோலைக் குறுகலாக வெட்டுவது, எஃகுக் கொளுவிகளுக்குப் பதில் அலுமினியம், பையின் தொங்கும் வார்களைக் கத்தரிப்பது, பல் துலக்கும் பிரஷின் காம்பைப் பாதியாக ஒடிப்பது. பிரஷ் விஷயம் வெறும் பக்திதான். அது முதுகில் போகிற சாமான், அதுவும் பத்து கிராம். தோலை வெட்டுவது அப்படியல்ல. மயிர் குறைந்தால் வழுக்கல் கூடும், இழுவை குறையும், கூடவே பிடிப்பும் குறையும். இறுகிய பனியில் பின்னுக்குச் சரிந்த பிறகு வெட்டிய துண்டைத் திரும்ப ஒட்ட முடியாது.

கனத்துக்கும் ஒரு பயன் உண்டு என்பது இறங்கும்போது தெரியும். காலையில் உருகி மாலையில் இறுகிய கரடுமுரடான பனியில் கனமான பலகை மேடுபள்ளத்தை மிதித்துக்கொண்டு போகும். லேசான பலகை ஒவ்வொரு கட்டியிலும் எகிறும். பலகை கழன்றால் ஓடிவிடாமல் நிறுத்தும் பிரேக்கை எடை குறைக்கக் கழற்றிவிட்டு, வேறு கயிறும் கட்டாமல் போகிறவர்கள் உண்டு. ஒற்றைப் பலகை தனியாகப் பள்ளத்தாக்கில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எடை குறைக்கக் கைவைக்கவே கூடாத சாமான்கள் மூன்று, பனியில் புதைந்தவரை மீட்பதற்கானவை: 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் துடிக்கும் தேடல் கருவி, மடக்குக் கம்பி, மண்வெட்டி. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிகழ்கிறது. சறுக்குவதற்கு ஆசையான சாய்வும் அதுதான், என்ன செய்ய. ஓடி வந்து நின்ற பனி சில நிமிடங்களில் கான்கிரீட்போல இறுகிவிடும். பிளாஸ்டிக் மண்வெட்டி அதில் உடையும், உலோகம்தான் வேண்டும். புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். மண்வெட்டியில் 200 கிராம் மிச்சம் பிடிப்பவரோடு நான் மலைக்குப் போகமாட்டேன்.

இதெல்லாம் நமக்கு அவ்வளவு தூரத்து விஷயமில்லை. காஷ்மீரின் குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1998இல் முதல் கட்டமும் 2005இல் இரண்டாம் கட்டமுமாகத் திறக்கப்பட்ட கொண்டோலா என்ற ரோப் கார், அஃபர்வத் மலைத்தோளில் 4,000 மீட்டரை ஒட்டிக் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து தோலை ஒட்டிக்கொண்டு முகட்டுக்கு ஏறுகிறவர்கள் ஏறுகிறார்கள். 2024 பிப்ரவரியில் கிலன்மார்க் பக்கம் பனிச்சரிவில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்ததும் இதே மலையில்தான். இதே ஊரில்தான் 1948 டிசம்பரில் படைத்தளபதி திம்மய்யா ராணுவத்துக்கு ஒரு பனிச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய உயர்மலைப் போர்ப் பள்ளி அதிலிருந்து வளர்ந்ததே. வெயிலூர்களில் பிறந்த நம் பையன்கள் பட்டாளத்தில் சேர்ந்து முதன்முதலாக வெண்பனியை மிதிப்பது இப்படிப்பட்ட மலைகளில். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினின் சோனம் முகாமில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரும் 19ஆம் மெட்ராஸ் பட்டாளத்தோடு இருந்தவர்கள். தமிழ்நாட்டவரும் அவர்களில் இருந்தார்கள். 25 அடிப் பனிக்கடியிலிருந்து ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்ட கர்நாடகத்து ஹனுமந்தப்பாவும் பிறகு பிழைக்கவில்லை.

2025 ஜூனிலிருந்து கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையில் ரயில் ஓடுகிறது. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் 50 கிலோமீட்டர்தான். ஜனவரி, பிப்ரவரியில் போனால் வாடகைக்குச் சாமான் கிடைக்கும், சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் கொண்டோலாவின் எல்லையைத் தாண்ட வேண்டாம்.

உச்சியில் காற்று பிடுங்கும். பலகையைக் கவிழ்த்துத் தோலை உரிக்க வேண்டும், 'சர்ர்'ரென்று பழைய போஸ்டர் கிழிக்கிற சத்தம் வரும். குளிரில் பிசின் விறைத்துப் பிடிப்பை இழந்துவிடும் என்பதால், தோலை மடித்துச் சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். குதிகால் பூட்டிக்கொள்கிறது. நாலரை மணி நேரம் ஏறியது பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கீழே வந்து ஒரு டம்ளர் கஹ்வா டீ குடித்துவிட்டு, இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தால், சட்டைக்குள்ளிருந்து தோலை எடுத்து மறுபடி ஒட்டுகிறார்கள்.