சிலிண்டருக்குள் ஒரு குளம்

புதிதாக வந்து இறங்கிய சமையல் கேஸ் சிலிண்டரைச் சாய்த்து உருட்டும்போது உள்ளே ஏதோ தளும்பும். கொண்டுவந்து போடுகிறவருக்குப் பழகிப்போன சத்தம் அது. நமக்குத்தான் யோசித்தால் புதிராக இருக்கும். கேஸ் எங்காவது தளும்புமா?

தளும்புவது திரவம். புரொப்பேன், பியூட்டேன் என்ற வாயுக்களை அழுத்தித் திரவமாக்கி, 14.2 கிலோ அடைத்து அனுப்புகிறார்கள். அதையே வாயுவாக வைத்துக்கொள்வதென்றால் ஏறக்குறைய 7,000 லிட்டர் இடம் வேண்டும். சென்னைத் தெருக்களுக்கு வருகிற 6,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை நிரப்பிவிட்டு, மிச்சத்துக்கு நாலைந்து டிரம் தேட வேண்டியிருக்கும். திரவமானதால் 26 லிட்டர் அளவுக்குள் சுருண்டு கிடக்கிறது.

பள்ளிப் புத்தகத்தில் மூன்று கட்டங்கள் வரைந்திருப்பார்கள். முதல் கட்டத்தில் உருண்டைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும்: திண்மம். இரண்டாவதில் கொஞ்சம் தள்ளித் தள்ளி: திரவம். மூன்றாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக: வாயு. அந்த மூன்றும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் சிலிண்டரைப் பார்த்தால் போதும். சுவர் எஃகு. உள்ளே கீழே திரவம். அதற்கு மேல் எஞ்சிய இடத்தில் வாயு.

படத்தின் மீது எனக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, நடுக் கட்டம். திரவத்தின் துகள்கள் அப்படியொன்றும் விலகி நிற்பதில்லை. ஏறக்குறைய திண்மத்தில் இருப்பதுபோலவே ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் இருக்கின்றன. வரிசை கலைந்திருக்கிறது, இடம் மாறிக்கொள்ள முடிகிறது, அவ்வளவுதான். திருவிழாக் கூட்டத்தில் நகர்வதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் திரவத்தை மேலும் அழுத்திச் சுருக்குவது அவ்வளவு கடினம். சிலிண்டரை வாய்வரை நிரப்பாமல் ஐந்தில் ஒரு பங்கு இடத்தை விட்டுவைப்பதும் இதனால்தான். வெயிலில் திரவம் விரிந்தால் ஒதுங்க இடம் வேண்டும். இல்லையென்றால் எஃகு தாங்காது.

திரவம் வாயுவானால் சுமார் 250 மடங்கு இடம் பிடிக்கிறது. துகள்கள் 250 மடங்கு தள்ளிப் போய்விட்டன என்று இதற்குப் பொருளில்லை. நீளம், அகலம், உயரம் மூன்று பக்கமும் விலகுவதால், ஒன்றுக்கொன்று ஆறு மடங்கு தள்ளி நின்றாலே கணக்கு சரியாகிவிடும். அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் பெரும்பாலும் 'காற்று' என்பார்கள். காற்றும் துகள்கள்தானே! இடையில் ஒன்றுமே இல்லை, வெறும் வெளி.

இரண்டாவது குறை, படம் அசைவதில்லை. சிலிண்டருக்குள் ஒரு நொடிகூட ஓய்வு கிடையாது. திரவத்தின் மேற்பரப்பிலிருந்து வேகம் மிகுந்த மூலக்கூறுகள் பக்கத்தில் இருப்பவற்றின் பிடியை உதறிக்கொண்டு மேலே பாய்கின்றன. மேலே பறந்துகொண்டிருப்பவற்றில் சில திரவத்தில் வந்து விழுந்து ஒட்டிக்கொள்கின்றன. போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை வெளியே நமக்கு எதுவும் நடப்பதாகத் தெரிவதில்லை. மேலே இருப்பவை சுவரில் மோதுகிற மோதலைத்தான் அழுத்தம் என்கிறோம். டேனியல் பெர்னூலி இதை 1738-இலேயே எழுதிவிட்டார். உலகம் காதுகொடுக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

அடுப்பைப் பற்றவைத்ததும் கணக்கு குலைகிறது. மேலே இருந்த வாயு ரெகுலேட்டர் வழியாக வெளியேறுகிறது, திரும்பி விழுவதற்கு ஆள் குறைகிறது, கீழிருந்து மேலும் சில கிளம்பி இடத்தை நிரப்புகின்றன. கடைசிச் சொட்டு திரவம் இருக்கும்வரை இப்படி நிரப்பிக்கொண்டே இருப்பதால்தான், சிலிண்டர் பாதி தீர்ந்தாலும் தீ பாதியாவதில்லை. நேற்றுவரை நன்றாக எரிந்த அடுப்பு, தோசை ஊற்றும் நேரமாகப் பார்த்து அணைவதன் ரகசியமும் இதுவே.

வேகமான மூலக்கூறுகள் கிளம்பிப் போனால் எஞ்சியவை மந்தமானவை. துகள்களின் சராசரி வேகம் குறைவதைத்தான் குளிர்ச்சி என்கிறோம். கல்யாண சமையலில் பெரிய அடுப்புகளை மணிக்கணக்காக எரிக்கும்போது சிலிண்டரின் கீழ்ப்பகுதி சில்லிட்டு வியர்ப்பதைப் பார்க்கலாம்; சில நேரம் வெள்ளையாக உறைபனிகூடப் படியும். திரவம் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் ஆவியாவது தளர்ந்து தீ சோர்ந்துபோகும். சமையல்காரர்கள் சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துவார்கள். தண்ணீரின் சூடு எஃகு வழியே உள்ளே போய், மந்தமானவற்றைத் தட்டி எழுப்புகிறது.

எவ்வளவு மிச்சம் என்று அறிய வீட்டில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாக ஒரு துடை துடைத்துவிட்டுக் காத்திருந்தால், மேலே சீக்கிரம் காய்ந்துவிடும், கீழே ஈரம் தங்கும். அந்தக் கோடுதான் திரவ மட்டம். கீழே உள்ள திரவம் எஃகின் சூட்டை இழுத்துக்கொள்வதால் அங்கே ஈரம் உலர நேரமாகிறது. தீர்ந்துபோகும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்கப்போடுகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுவது நல்லது. வாயு போக வேண்டிய வழியில் திரவமே புகுந்துவிடும்.

கசிந்தால் மூக்கைத் துளைக்கிற நாற்றம் கேஸுடையது அன்று. அதற்கென்று கலக்கும் எத்தில் மெர்காப்டனுடையது. அறை வெப்பத்தில் அதன் மூலக்கூறு நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் பாயும். அப்படியானால் அடுப்படியில் கசிந்தது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கூடத்துக்கு வந்திருக்க வேண்டாமா? டச்சு வானிலை அறிஞர் பாய்ஸ் பாலட் இதே கேள்வியைத்தான் வாயுத் துகள் கொள்கைக்கு எதிராக எழுப்பினார். ஜெர்மானியரான கிளாசியஸ் 1858-இல் பதில் சொன்னார்: வேகம் உண்மைதான், ஆனால் வழி கிடைப்பதில்லை. நம்மைச் சூழ்ந்த காற்றில் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை மோதித் திசை மாறுகிறது. எவ்வளவு ஓடியும் போய்ச் சேர்ந்த தூரம் சொற்பம். நாற்றத்தைக் கூடம்வரை தூக்கி வருவது பெரும்பாலும் காற்றோட்டம்தான். கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். கதவு ஜன்னலைத் திறங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள் என்று சொல்வது அதற்காகத்தான்.

தீ அணைந்த பிறகு 'காலி' என்று வாசலில் வைக்கிறோமே, அதற்குள் வெளிக்காற்றின் அழுத்தத்தில் 33 லிட்டர் வாயு இன்னும் இருக்கிறது. எடை போட்டால் ஏறத்தாழ 70 கிராம். மூலக்கூறுகளை எண்ண நினைத்தால் 8 எழுதி, பக்கத்தில் 23 சுழியன் போட வேண்டும்.